எட்டுப் பேர் ஏறலாம்

பேருந்துக்குள் முதலில் ஏறுவது தள்ளுவண்டியின் முன்சக்கரங்கள். அடுத்து, 'மேலாளர்' என்று அவர் அழைக்கும் மூன்றரை வயது மகள். கடைசியில்தான் அவர். பத்து மாதப் பையன் அவர் நெஞ்சோடு கட்டிய துணிக்குள் கால்களைத் தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான். அவனுக்கு 'பார்சல்' என்று பெயர்.

"வண்டிய மடிச்சுட்டு ஏறுங்க சார்" என்பார் நடத்துநர்.

"கையில இவ, நெஞ்சில இவன், தோள்ல பை. எந்தக் கையால மடிக்க? நீங்க மடிச்சுக் குடுங்க, புண்ணியமாப் போகும்."

நடத்துநர் முணுமுணுத்துக்கொண்டே மடிப்பார். நாலாவது புதன்கிழமையிலிருந்து முணுமுணுக்காமல் மடிக்கிறார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் குடியிருப்பில் எனக்கு மேல்மாடி. வார விடுமுறை புதன்கிழமை. மனைவிக்குக் கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. மனைவிக்குப் புதன்கிழமை விடுமுறை இல்லை. ஆகவே மழையோ வெயிலோ, புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு அப்பாவும் பிள்ளைகளும் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். ரயில் பார்க்க மேம்பாலம், வண்ணமீன் விற்கும் கடை, வாத்துக் குளம், நூலகம். வேலைக்கு எடுத்துப்போகும் காக்கிப் பையைப் போலவே இன்னொன்று வைத்திருக்கிறார். ஸ்குரூடிரைவர் செருகும் பட்டைகளில் பால்புட்டி, கரண்டி, குல்லாய், காய்ச்சல் மருந்து. எது எந்தப் பட்டையில் என்று இருட்டிலும் கை தேடாமல் எடுக்கும்.

எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் லிஃப்ட் கதவில் முதலில் காதை வைத்துக் கேட்பார். "எண்ணெய் கேக்குது" என்பார், அல்லது "இவன் இன்னும் பத்து வருஷம் ஓடுவான்" என்பார். மேலாளருக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. ஒருநாள் என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் காதை வைத்துவிட்டு, "அங்கிள், சர்வீஸ் பண்ணணும்" என்றாள். மறுவாரமே அது நின்றுபோனது.

வழியில் பார்ப்பவர்கள் அவரை வேறு விதமாகச் சோதிப்பார்கள். "அம்மா இல்லையா பாவம்?" என்று பேருந்தில் ஒருவர் உச்சுக்கொட்டினார்.

"இருக்காங்களே, வேலைக்குப் போயிருக்காங்க. நான் ஒருத்தன் இங்க நிக்கிறது தெரியலையா?"

ஒரு வங்கியில் விசாரணை மேசை மீதே துண்டை விரித்துப் பார்சலின் துணியை மாற்றத் தொடங்கிவிட்டார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பதறி எழுந்தார். "உங்க கழிப்பறையில குழந்தைக்குத் துணி மாத்துற மேசை பொம்பளைங்க பக்கம்தான் இருக்கு. உள்ள போகட்டுமா, இங்கயே மாத்தட்டுமா, சொல்லுங்க" என்றார் இவர். பதில் வருவதற்குள் வேலை முடிந்திருந்தது.

இந்தப் பிடிவாதம் அவருக்குப் பிறவிக்குணம் இல்லை. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அவர் மனைவி நாலு மாதம் அந்த மூன்றாவது மாடியிலேயே கிடந்தார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "இந்த ஜன்னல்ல பதினேழு கம்பி. தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாராம். "ஊரையே தூக்கி மேல விடுறவன் சார் நான். என் வீட்டுக்காரியக் கீழ இறக்கத் தெரியல. சோறு உள்ள போகல" என்று என்னிடம் சொன்னார். மனைவி கீழே இறங்கட்டும் என்று அதற்கு அடுத்த புதன்கிழமை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதுதான் இந்த ஊர்சுற்றல்.

நூலகத்தில்தான் விவகாரம் முற்றியது. குழந்தைகள் பகுதி இரண்டாவது மாடியில். கீழே பளபளவென்று ஒரு லிஃப்ட். அதன் மேல் 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று பலகை. முதல் தடவை அவர் பையனை நெஞ்சிலும் வண்டியைத் தோளிலும் சுமந்து, மகளின் கையைப் பிடித்து ஐம்பத்திரண்டு படி ஏறினார். ஏறி முடித்ததும் பார்சல் வீறிட்டான். வாசிப்பு மேசையில் நிமிர்ந்து முறைத்தவர்களில் நானும் ஒருவன். புத்தகத்தின் பக்கத்தைச் சத்தமாகத் திருப்பினேன். எனக்குத் தெரிந்த வசவு அவ்வளவுதான்.

இறங்கும்போது படிக்கட்டில் ஒரு பெண்ணைப் பார்த்தார். இடுப்புக்கு ஒன்றாக இரட்டைப் பிள்ளைகள். ஏழெட்டுப் படி ஏறியவள் மூச்சு வாங்கி நின்று, மேலே பார்த்துவிட்டு, திரும்பி இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை அவர் நேரே நூலகக் கண்காணிப்பாளரிடம் போனார்.

"போர்டு போட்டிருக்கே, பாக்கலையா?" என்றார் கண்காணிப்பாளர்.

"வெளிய போர்டு இருக்கு சார். உள்ள ஒரு தகடு இருக்கு. எட்டுப் பேர் ஏறலாம், ஐநூத்தி நாப்பத்தி நாலு கிலோன்னு. மாசாமாசம் அதத் தொடைக்கிறவன் நான்தான். அது எடைய மட்டும்தான் கேக்குது, என்ன உத்தியோகம்னு கேக்கல."

"பிள்ளைங்க பட்டன அமுக்கி விளையாடும். ரிப்பேர் ஆகும்."

"ஆகட்டுமே சார், சரி பண்ண வரப்போறதும் நான்தானே?"

கண்காணிப்பாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "விதி விதிதான்" என்று எழுந்துவிட்டார்.

வாசல் காவலாளி நல்லவர். "உங்ககிட்டயே சாவி இருக்கும். தொறந்துட்டுப் போயிடுங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்" என்று காதோரம் சொன்னார்.

"நான் போயிடுவேன். ரெட்டப் புள்ள வச்சிருக்கிற அம்மா எப்படிண்ணே போவாங்க?"

லிஃப்டுக்கு எதிரே போர்வையை விரித்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். படிக்கட்டுப் பக்கம் போன என்னைப் பார்த்து, "சார், மேலதான போறீங்க? யானைப் படம் போட்ட புத்தகம் இருந்தா எடுத்துட்டு வாங்களேன்" என்றார். எரிச்சலோடுதான் போனேன். ஆனால் எடுக்கத் தொடங்கியதும் எதை விடுவது என்று தெரியாமல் பதினொரு புத்தகங்களோடு இறங்கி வந்தேன். அவர் வாசித்த யானை இருமியது, லிஃப்டில் ஏறி எடை அதிகமென்று இறக்கிவிடப்பட்டது. புத்தகத்தில் அப்படியெல்லாம் இல்லை.

அடுத்த வாரம் நாலு குழந்தைகள். அதற்கடுத்த வாரம் ஒன்பது. இரட்டைப் பிள்ளைக்காரியும் வந்துவிட்டாள். போர்வை போதாமல் காவலாளி பழைய செய்தித்தாள்களைக் கொண்டுவந்து விரித்தார். "இது பொது இடம், இப்படியெல்லாம் உக்காரக் கூடாது" என்று கண்காணிப்பாளர் சத்தம் போட்டார். "பொது இடம்னு நீங்களே சொல்லிட்டீங்க சார்" என்று பக்கத்தைப் புரட்டினார் இவர்.

புகார் அவருடைய கம்பெனிக்குப் போனது. மேற்பார்வையாளர் போனில் பிடித்தார். "அவங்க நம்ம வாடிக்கையாளர்ப்பா. அவங்ககிட்ட மல்லுக்கு நிப்பியா? வேலை வேணுமா வேண்டாமா?"

"வேலை வேணும் சார். ஆனா புதன்கிழமை நான் உங்க மெக்கானிக் இல்ல. இதுங்க அப்பா."

அன்று சாயங்காலம் படியில் என்னிடம் இதைச் சொன்னபோது அவர் பையனின் குல்லாயைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "வாய் பேசிடுச்சு சார். வயிறு இப்பதான் பயப்படுது."

ஒவ்வொரு புதன்கிழமையும் "எங்கயும் சண்ட போடாம வாங்க" என்று வழியனுப்பும் மனைவி அன்று வேறு விதமாகப் பேசினாராம். "அடுத்த புதன் நானும் லீவு போடறேன். ஒத்தையா உக்காந்திருக்க வேண்டாம்."

அந்தப் புதன்கிழமை இருபதுக்கு மேல் கூட்டம். முழங்கால் வலிக்காரர் ஒருவரும் கைத்தடியோடு சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பதினொரு மணிக்குக் கண்காணிப்பாளர் ஒரு தாளோடு இறங்கி வந்தார். முகத்தில் சமாதானம். தாளை மெக்கானிக்கின் மனைவியிடம் நீட்டினார். அந்தக் குடும்பம் லிஃப்டைப் பயன்படுத்தலாம் என்று அனுமதிக் கடிதம்.

மனைவி நிதானமாகப் படித்தார். நாள் முழுக்க நோயாளிகளின் படிவங்களைப் பார்க்கிறவர். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஒரு வரி மட்டும் அதிகமா இருக்கு. 'இக்குடும்பத்தினருக்கு மட்டும்'னு. அத அடிச்சுட்டுக் குடுத்துடுங்க."

"அத அடிச்சா எல்லாருக்கும்னு ஆயிடுமேம்மா!"

"ஆமாங்க."

தாள் திரும்பிப் போனது. யாரும் கைதட்டவில்லை. இவர் அடுத்த கதையைத் தொடங்கினார். அன்று வந்திருந்த அத்தனை பேரும் காவலாளியின் வருகைப் பதிவேட்டில் பெயரோடு குறையையும் எழுதிவிட்டுத்தான் போனார்கள். காவலாளி கூடுதலாக ஒரு பேனாவும் கொடுத்தார். எனக்கு முழங்கால் வலி கிடையாது, கைக்குழந்தையும் கிடையாது. நானும் எழுதினேன்.

அதிலிருந்து மூன்றாவது வாரம் பலகையைக் கழற்றினார்கள். சுவரில் நாலு திருகு ஓட்டைகள் மட்டும் மிச்சம். அதே வாரம் கம்பெனி அவரை நகரத்தின் அந்தக் கோடிக்கு மாற்றியது. போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார். "வலிக்காம இல்ல சார். பொண்ணு தூங்கினப்புறம்தான் வீட்டுக்கே வர்றேன். ஆனா அந்தப் பக்கமும் மாடி இருக்கு, லிஃப்ட் இருக்கு, புள்ளைங்க இருக்கு. புதன்கிழமைய மட்டும் யாரும் மாத்த முடியாதில்ல?"

போன வாரம் நூலகத்து லிஃப்டில் நான், அவர், பிள்ளைகள். கோப்புகளை அணைத்தபடி கண்காணிப்பாளரும் ஏறினார். கதவு மூட ஆரம்பித்தபோது, தூரத்தில் வாசற்கதவருகே யாரோ ஒரு பெண் மழையில் நனைந்த தள்ளுவண்டியைச் சரிவுப்பாதையில் ஏற்ற முடியாமல் திணறிக்கொண்டிருப்பது தெரிந்தது. காவலாளி ஓடிப்போய் முன்பக்கத்தைத் தூக்கினார். அவர்கள் வந்து சேர எப்படியும் இரண்டு நிமிடமாகும்.

"அடுத்த தடவ வரட்டுமே. எனக்கு மீட்டிங் இருக்கு" என்றார் கண்காணிப்பாளர்.

மெக்கானிக் பையனின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, இடதுகாலை மெதுவாக நீட்டி, மூடிவந்த கதவுக்கு நடுவில் வைத்தார்.