வேனுக்குள் ஏறிய வெள்ளாட்டங்குட்டி

கொரோனா முடிந்து பள்ளிக்கூடங்கள் ஒழுங்காக நடக்க ஆரம்பித்த மறு வருடம், மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. நாகலாபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு ரொம்ப உள்ளே தள்ளி ஒரு கண்மாய்க் கரை. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் இப்போது எங்களுக்கு வேண்டியவர்கள்.

நாங்கள் கோவில்பட்டி. என் கணவர் தீப்பெட்டி ஆபீஸில் மெக்கானிக்; எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவள். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஊரடங்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்து மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்துப்போயிருந்தோம். அப்போதுதான் இவர் எங்கிருந்தோ ஒரு பழைய ஆம்னி வேனை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். பின்சீட்டைக் கழற்றிப் பலகை அடித்தார், பலகைமேல் மெத்தை போட்டார், என் பழைய சேலையைக் கேட்காமலேயே கிழித்து ஜன்னலுக்குத் திரை மாட்டினார். இனிமேல் சனிக்கிழமை ராத்திரி நமக்கு வீடு இதுதான் என்றார். வெளிநாட்டுக்காரர்கள் வண்டியிலேயே குடும்பம் நடத்துகிற வீடியோக்களை ஊரடங்கு முழுக்க உட்கார்ந்து பார்த்ததன் பலன்.

கொடைக்கானலா மூணாறா என்று கேட்டேன். இரண்டும் இல்லையாம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், ஆனால் போன இடத்தில் ஒரு மனுஷன் கண்ணில் படக் கூடாதாம். சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை பேர் என்ன, வயசு என்ன, எந்த ஊர் என்று கேட்டுக் கேட்டு, சனிக்கிழமை வந்தால் மனுஷ வாடையே ஆகாது என்கிற நிலைமையில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அப்பாவும் மகளும் செல்போனில் மேப்பை விரித்துவிடுவார்கள். மேலேயிருந்து எடுத்த படத்தில் எங்கள் கரிசக்காடு கட்டம் கட்டமாகக் கறுப்பும் பழுப்புமாகத் தெரியும். அதில் ஒரு கூரைகூட இருக்கக் கூடாது, ஒரு மரமாவது இருக்க வேண்டும், மழை பெய்தாலும் வேன் சேற்றில் புதையாதபடி சரள் பாதை வேண்டும். ஊருக்கெல்லாம் வழி காட்டுகிற மேப்பில் ஊரே இல்லாத இடத்தைத் தேடியவர்கள் இவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

முதலில் கண்டுபிடித்த இடம் அருமையாக இருந்தது, காலையில் எழுந்து பார்த்தால் பக்கத்தில் சுடுகாடு. இரண்டாவது இடத்தில் காற்றாலை. பகலில் அழகாகச் சுற்றிய அது, படுத்த பிறகு தலைக்கு மேலேயே சுற்றுவதுபோல் இரைந்து எங்களைத் தூங்கவிடவில்லை. மூன்றாவது மணியாச்சிப் பக்கம் ஒரு பொட்டல். ரயில் வரும்போதெல்லாம் நாங்களும் எழுந்து உட்கார்ந்தோம். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி இவரை ஒரு வழி பண்ணினேன். இப்போது யோசித்தால் அந்தச் சொதப்பல்கள்கூட இனிக்கத்தான் செய்கின்றன. டார்ச் வெளிச்சத்தில் புளிச்சோறும் துவையலும் சாப்பிட்டுக்கொண்டு மூன்று பேரும் சிரித்த சிரிப்பு அதற்கப்புறம் எந்த ஹோட்டல் அறையிலும் எங்களுக்கு வாய்க்கவில்லை.

நான்காவதுதான் அந்தக் கண்மாய்க் கரை. சோளம் அறுத்து முடிந்த காடு, அதற்கு அந்தப் பக்கம் மிளகாய்த் தோட்டம், கரையில் ஒரு வேப்பமரம். கண்மாயின் அடியில் கொஞ்சம் தண்ணீர்கூடக் கிடந்தது. நாலரை மணிக்கு வேனை நிறுத்தியபோது, உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருக்கிறோம் என்று தோன்றியது. இவர் அடுப்பை இறக்கி டீ போட ஆரம்பித்தார்.

பத்து நிமிஷம்தான். கரைமேல் ஆட்டுக்கூட்டம் ஒன்று வந்தது. கூடவே, தலையில் துண்டைக் கட்டி, தோளில் தழை இழுக்கிற தொரட்டியோடு ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். பிற்பாடு அக்கா என்று கூப்பிட்டுப் பழகியதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அக்கா நின்று எங்களையும் வேனையும் பார்த்தார்.

"எந்த ஊரு நீங்க? இங்கன யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

சாதாரணமான கேள்வி. ஒரு நாளைக்கு நூறு பேரிடம் நானே கேட்கிற கேள்வி. ஆனால் இவ்வளவு தூரம் வந்தும் விட மாட்டேன் என்கிறார்களே என்று எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"யாரு வீட்டுக்கும் வரல. சும்மா இருந்துட்டுப் போக வந்தோம். இது என்ன உங்க இடமா?"

அக்கா வேனின் நம்பரைப் பார்த்தார், சேலைத் திரையைப் பார்த்தார், ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சொல்லியிருக்கலாமே என்று இவர் முணுமுணுத்தார். காட்டில் வந்தும் ஒவ்வொருத்தருக்கும் ஜாதகம் ஒப்பிக்க வேண்டுமா என்று அவர்மேலும் பாய்ந்தேன்.

அரை மணி நேரம் கழித்து, ஒரு வெள்ளாட்டங்குட்டி நொண்டி நொண்டி வந்து வேன் பக்கத்தில் நின்று கத்தியது. முன்னங்காலில் கருவேல முள். கூட்டத்தோடு நடக்க முடியாமல் பின்தங்கியிருக்கிறது. மகளுக்குத் தலைகால் புரியவில்லை. குட்டியை மடியில் போட்டு, தன் ஹேர்பின்னால் முள்ளை எடுத்து, தேங்காய் எண்ணெய் தடவி, வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தாள். அது தோலையும் சேர்த்துத் தின்றுவிட்டு வேனுக்குள் ஏறி, மெத்தை மூலையில் சுருண்டுகொண்டது.

ஆட்டுக்கூட்டம் எங்கே தங்கியிருக்கிறது என்பதும் தெரிந்தது. கண்மாய்க்கு அந்தப் பக்கம், அறுத்த காட்டில் புகை எழுந்துகொண்டிருந்தது. உரத்துக்காக ராத்திரியில் காட்டில் ஆடுகளை அடைத்து வைப்பார்களே, அந்தக் கிடை. குட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று இவர் சொன்னார். தேடிக்கொண்டு அவர்களே வருவார்கள் என்றேன் நான். உண்மையான காரணத்தை இன்றைக்குச் சொல்கிறேன். போனால் அந்த அக்கா முகத்தில் முழிக்க வேண்டும். அதற்கு என் வீம்பு இடம் கொடுக்கவில்லை. இருட்டத் தொடங்கியதும் கொசு வருகிறதென்று இவர் வேன் கதவைச் சாத்தினார். குட்டி உள்ளேயே தூங்கியது.

கிடையில் குட்டி ஒன்று குறைகிறது என்பதும், கரையில் ஊர் பேர் சொல்லாத ஒரு வேன் நிற்கிறது என்பதும் அதற்குள் ஊருக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூன்று பைக்கில் ஏழு பேர், எல்லோர் கையிலும் கம்பு. வந்த வேகத்தில் ஒருவன் வேன் சாவியை உருவினான், இன்னொருவன் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தான். மெத்தைமேல் குட்டி. அதற்குமேல் அவர்களுக்கு என்ன சாட்சி வேண்டும்? போன மாசம்தான் இதே மாதிரி திரை போட்ட வேன் ஒன்றில் வந்தவர்கள் அந்த ஊரில் நான்கு ஆடுகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்களுக்கு எப்படித் தெரியும்? பொம்பளையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு களவாங்க வாரானுவ என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. போலீஸ் வருகிறவரைக்கும் வேப்பமரத்தில் கட்டிப் போடலாம் என்றான் இன்னொருவன்.

வந்தவர்களில் ஒருவர் இவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார்; அக்காவின் தம்பி என்று பிற்பாடுதான் தெரிந்தது. என் கணவர் யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். பதற்றம் வந்தால் நாக்கே எழும்பாது. மகள் பார்க்கிறாளே என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை என்னால் சாகிறவரைக்கும் மறக்க முடியாது. மகள் அழுகிறாள். நாங்கள் கோவில்பட்டி, நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன், இவர் தீப்பெட்டி ஆபீஸ் என்று நான் கத்துகிறேன். யாரும் காதில் வாங்கவில்லை. நாலரை மணிக்கு இரண்டு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டியதை ஏழு மணிக்குத் தொண்டை கிழியக் கத்தியும் நம்ப ஆள் இல்லை.

அப்போது அக்கா கரைமேல் ஓட்டமும் நடையுமாக வந்தார். இவர்கள்தானா என்று எல்லோரும் அவரையே கேட்டார்கள். அவர் தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், எங்கள் கதை முடிந்தது. சாயங்காலம் நான் பேசிய பேச்சுக்கு அவர் ஆட்டியிருந்தால் தப்பும் சொல்ல முடியாது.

அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. குட்டியைத் தூக்கினார். நான்கு காலையும் தடவிப் பார்த்தார், கயிற்றுத் தடம் இருக்கிறதா என்று. முன்னங்காலில் எண்ணெய்ப் பிசுக்கு கையில் பட்டதும் டார்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தார். குட்டியின் வாயை மோந்தார். அப்புறம் தம்பி பக்கம் திரும்பினார்.

"களவாங்க வந்தவன் குட்டிக்கு வாயைக் கட்டுவான். கால்ல முள்ளெடுத்து எண்ணெ தடவிப் பழம் குடுத்துக்கிட்டு இருப்பானா? சட்டைய விடுலே."

தம்பி கையை எடுத்தார். இவர் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. கூட்டம் அப்படியே தணிந்துபோனது. வயதான ஒருவர் முன்னால் வந்து, முதலிலிருந்து கேட்பதுபோல, எந்த ஊர் என்று நிதானமாகக் கேட்டார். இந்த முறை தெரு, ஆஸ்பத்திரி, அப்பா ஊர், மாமனார் ஊர் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன், நீங்கள் சீட்டு எழுதுகிற அக்காதானே, எங்கள் மதினிக்கு அங்கேதான் பிள்ளை பிறந்தது என்றான். இவ்வளவு நேரம் அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கும்தான் அவனைத் தெரியவில்லை. குனிந்த தலை நிமிராமல் எழுதுகிறவளுக்கு யார் முகம் தெரியும்?

உடனே கிளம்பிவிடலாம் என்றுதான் நான் துடித்தேன். அக்கா விடவில்லை. இவ்வளவு நடுக்கத்தோடு வண்டி ஓட்ட வேண்டாம், இங்கேயும் தனியாகக் கிடக்க வேண்டாம், கிடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போடுங்கள் என்றார். போட்டோம். சுற்றிலும் ஆடுகளின் மூச்சும் இருமலும், காவலுக்கு நாய்கள். மகள் அக்காவின் கட்டிலிலேயே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். இவர் மட்டும் படுக்காமல் வேன் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

விடியற்காலையில் அக்கா ஆட்டுப்பாலில் டீ போட்டார். தம்பி முதல் தம்ளரை எடுத்து வந்து இவர் கையில் கொடுத்தார். மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்கத் தெரியாமல், பைக் காலையில் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது, கொஞ்சம் பார்க்கிறீங்களா அண்ணாச்சி என்றார். இவர் முகம் அப்போதுதான் தெளிந்தது. பொத்தான் இல்லாத சட்டையோடு உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்தார்.

நான் அக்காவிடம் போய், நேற்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றேன். அழுதுவிட்டேன் என்பதையும் மறைப்பதற்கில்லை. அவர் குட்டியைத் தாயிடம் விட்டுக்கொண்டே சொன்னார்:

"நான் உங்கள வெரட்டுததுக்கா கேட்டேன்? பிள்ளைய வேற வச்சிருக்கீங்க. ராத்திரி ஒரு பூச்சி பொட்டு கடிச்சா எந்த ஊருக்கு ஆள் அனுப்பன்னு தெரியாண்டாமா?"

நான் வம்பு என்று நினைத்தது அவர் எங்களுக்காகப் பட்ட கவலை. பாம்பும் தேளும் இருக்கிற காட்டில், யாரென்றே தெரியாத மூன்று பேருக்காக, அந்த நாலரை மணிக்கே ஒருத்தி யோசித்திருக்கிறாள்.

அதற்கப்புறம் இவர் மேப்பைத் திறக்கவே இல்லை. வெள்ளிக்கிழமையானால் அக்காவுக்குப் போன் போட்டு, இந்த வாரம் கிடை எங்கே என்று கேட்பார். எந்தச் சாட்டிலைட் படத்திலும் அகப்படாத இடமெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மிளகாய்க் காட்டு ஓரம், பருத்தி எடுத்த காடு, இரண்டு கண்மாய்க்கு நடுவே ஒரு மேடு. இரண்டு வருடம், ஆடு போன இடமெல்லாம் எங்கள் வேனும் போனது. அக்கா வீட்டுப் பிள்ளைகளுக்கு மகள் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தாள், அவர்கள் இவளுக்குப் பால் கறக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் குட்டி வளர்ந்து குட்டி போட்டபோது எங்களுக்குத்தான் முதல் போன் வந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் டியூஷன், பரீட்சை என்று சனிக்கிழமைகள் கைவிட்டுப் போயின. வேனை ஒரு காய்கறிக்காரருக்குக் கொடுத்துவிட்டோம். வாசல் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்து ஒரு வாரம் இவர் சரியாகவே சாப்பிடவில்லை. எனக்கும் வருத்தம்தான். சாப்பாட்டில் காட்டவில்லை.

இந்த வருடம் மகளைக் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்த்தோம். தோழிகளோடு ஒரு மாடி வீட்டில் அறை. சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு அம்மா வாசலில் வந்து நின்று, "எந்த ஊருங்க நீங்க?" என்றார். மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் அந்த அம்மா வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து, ஊர், தெரு, இவர் வேலை, என் வேலை எல்லாம் சொல்லி, எங்கள் இரண்டு பேர் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். பிள்ளையைத் தனியே விடப்போகிறோமே என்று ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த கனம் அந்தப் படியிலிருந்து எழுந்தபோது இறங்கிவிட்டது. யார் என்று கேட்க ஒரு ஆள் இல்லாத இடமாகத் தேடி அலைந்த நான்தான், இப்போது என் பிள்ளை போகிற இடமெல்லாம் அப்படிக் கேட்க ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று தினமும் சாமியைக் கும்பிடுகிறேன்.