கொடி கட்டிய வண்டி

வேளாங்கண்ணிக்கு அந்தக் கொடியைக் கண்டாலே ஆகாது. எந்தக் கட்சிக் கொடி என்று கேட்காதீர்கள். உங்கள் தெருமுனையில் பறக்கிறவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் புருஷன் இன்னாசி அந்தக் கட்சிக்கு இருபத்தாறு வருஷம் கிளைச் செயலாளர். மாநாட்டுக்கு வேன் பிடிக்க, சுவருக்கு வெள்ளையடித்து இடம் பிடிக்க, தலைவர் வந்தால் தொண்டை கிழியக் கத்த என்று அலைந்த மனுஷன். மகள் சோபியா பிறந்த அன்றும் மாநாட்டில்தான் இருந்தார். கட்சி மூன்று தடவை ஆட்சிக்கு வந்தது. கீரனூரில் அவர் வீட்டு ஓடு ஒரு தடவைகூட மாறவில்லை.

வீட்டை ஓட்டியது வேளாங்கண்ணி. விடிகாலைத் திருச்சி பஸ்ஸில் ஏறி, ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று மாடிக்குத் தரை துடைத்து, சாயங்காலம் கம்பியைப் பிடித்து நின்றபடியே திரும்புவாள். ஐம்பத்தொன்பது வயதிலும் அதே பஸ், அதே வேலை. அவள் ஓட்டு யாருக்கு என்று இன்னாசிக்குத் தெரியாது. அவர் கேட்டதும் இல்லை. பெண்டாட்டி மாற்றிப் போடுவாள் என்கிற நினைப்பே அந்த மனுஷனுக்கு வந்ததில்லை.

அறுபத்தேழு வயதில் இன்னாசிக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. முதலில் ஆட்களின் பேர், அப்புறம் கிழமை, கடைசியில் சொந்த வீடு. ஒரு நாள் தன் வாசலையே மூன்று தரம் தாண்டிப் போனார். அந்தச் சமயம் தேர்தல் வந்து, கட்சிக்காரர்கள் வாசலில் கொடி கட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து நேராக வந்து உள்ளே நுழைந்தார். தேர்தல் முடிந்தும் அவள் கொடியை அவிழ்க்கவில்லை. "என்ன, நீயும் கட்சிக்காரி ஆயிட்டியா?" என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசினார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தாள். புருஷனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதற்குக் கட்சிக்காரி என்ற பேரே தேவலை என்று இருந்துவிட்டாள்.

இந்த வருஷக் கோயில் திருவிழாவுக்கு மருமகனுடைய குட்டியானைச் சரக்கு வண்டியில் எல்லாரும் கிளம்பினார்கள். கோயிலை ஒட்டிய தோப்பில் முன்னூறு வண்டி நிற்கும். வண்டிக்குப் பக்கத்தில் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அடுப்பு மூட்டி, மூன்று நாள் தங்கித் தேர் பார்த்துவிட்டுப் போவார்கள். எல்லா வண்டியும் ஒரே மாதிரி, எல்லாத் தார்ப்பாயும் நீலம். இங்கே இன்னாசி வழி தவறினால் எங்கே போய்த் தேடுவது? அதனால் வந்ததும் முதல் வேலையாக, சுருட்டி எடுத்துவந்த கொடியை வண்டியின் மேல்கம்பியில் கட்டினாள். முதல் நாள் முழுக்க இன்னாசி குழாயடிக்குப் போனார், வந்தார். அவளும் கொஞ்சம் மூச்சு விட்டாள்.

மறுநாள் காலையில் பக்கத்துத் தார்ப்பாய்க்காரர் ஜோசப் வந்து நின்றார். விராலிமலைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். நேற்றுத்தான் அவர் வீட்டிலிருந்து மிளகாய்த்தூள் கடன் வாங்கியிருந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்கிராதீங்க. அந்தக் கொடிய இந்த ரெண்டு நாளைக்கு எறக்கி வைக்க முடியுமா?"

"கோயிலுக்கு வந்த எடத்துல கட்சி வேணாம்னு சொல்றீங்களா தம்பி?"

"அது மட்டும் இல்லக்கா. ஒரு எலெக்சன்ல இந்தக் கட்சி ஆளுகதான் எங்கப்பா கால ஒடச்சாங்க. வந்ததுலேர்ந்து மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டே படுத்திருக்காரு. ஒங்க கட்சி ஒங்களுக்கு, நான் ஒண்ணும் சொல்லல. அவருக்காகத்தான் கேக்குறேன்."

அவள் எட்டிப் பார்த்தாள். பெரியவர் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல் கிடந்தது. இது கட்சி இல்லை தம்பி, இந்த மனுஷன் வீடு வந்து சேர்கிற வழி என்று சொல்லிவிடலாம்தான்.

"எறக்கிர்றேன் தம்பி."

கொடியை மடித்து உள்ளே வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் சிவப்புச் சேலையைக் கட்டினாள். இன்னாசியிடம் மூன்று தடவை சொன்னாள். "ஏங்க, செவப்புச் சேலை. செவப்புச் சேலை கட்டுனதுதான் நம்ம வண்டி."

"எனக்குத் தெரியாதா? போ புள்ள" என்று எரிந்து விழுந்தார்.

மத்தியானம் மகளும் மருமகனும் பிள்ளைகளைக் கடைவீதிக்குக் கூட்டிப்போனார்கள். இன்னாசி பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார். உலை கொதித்தது, சோறு வெந்தது, வடித்தும் ஆயிற்று. ஆளைக் காணோம். அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஜோசப் எழுந்து வந்தார்.

"என்னக்கா?"

"அவருக்கு ஞாபகம் இல்ல தம்பி. அந்தக் கொடியப் பாத்துத்தான் வருவாரு."

வெளியாள் ஒருவரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜோசப்புக்கு முகம் விழுந்துவிட்டது.

"காலையிலயே சொல்லியிருக்கலாமேக்கா."

"வாயில வரல தம்பி."

குழாயடி, குளியலறை, வளையல் கடை என்று ரெண்டு பேரும் தேடினார்கள். கோயில் மைக்கிலும் சொல்லிப் பார்த்தார்கள். சுடுமண்ணில் செருப்பில்லாமல் நடந்தாள். பயத்துக்கு நடுவிலேயே, கிடைக்காமல் போனால் இனிமேல் தேட வேண்டாமே என்றும் ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு இன்னும் வேகமாக நடந்தாள்.

ஜோசப்தான் முதலில் பார்த்தார். "அக்கா, அங்கிட்டுப் பாருங்க. அதே கொடி."

குளத்தங்கரையோரம் ஒரு வேன் நின்றது. மணமேல்குடியிலிருந்து வந்த குடும்பம். கொடிக்குக் கீழே இன்னாசி சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையில் மீன்குழம்பைப் பிசைந்தபடி, பழைய மாநாட்டுக் கதையைத் தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கட்சிக்காரர் என்று அவர்களும் மரியாதையாகப் பரிமாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜோசப் கொஞ்சம் தயங்கி, தலையைக் குனிந்து அந்தக் கொடிக்குக் கீழே வந்து நின்றார்.

இன்னாசி நிமிர்ந்து வேளாங்கண்ணியைப் பார்த்தார். யாரோ வந்திருக்கிறார்கள் என்று பாயில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

"வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க. உக்காருங்க. சாப்புட்டீங்களா?"

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அவளிடம் சோறு ஆச்சா என்றுதான் கேட்டிருக்கிறார். சாப்பிட்டாயா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"இன்னும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் விட்ட இடத்தில் உட்கார்ந்தாள்.