புள்ளியக்காவின் இடது கண்

அந்தக் கண் மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் புள்ளியக்கா. பார்வைப் பரப்பைச் சோதிக்கும் இருட்டறையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து, "நடுப் புள்ளியையே பாருங்க, சுத்தி எங்க வெளிச்சம் தெரிஞ்சாலும் பட்டனை அமுக்குங்க" என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை சொன்னால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? கிளாக்கோமா என்கிற கண்ணழுத்த நோய் ஓரத்திலிருந்துதான் பார்வையைத் தின்னும், எழுத்துப் பலகையைக் கடகடவென்று படிப்பவருக்கும் அது இருக்கலாம், போன பார்வை திரும்பாது. இதையெல்லாம் அவள் அளவுக்கு டாக்டராலேயே விளக்க முடியாது.

எந்திரத்தைப் பழுது பார்த்தால், சரியாக ஓடுகிறதா என்று அறிய அவள்தான் அதில் முகவாயை வைத்துச் சோதித்துக்கொள்வாள். பார்வை இல்லாத இடத்தைக் கறுப்பாகக் காட்டும் படம், அவளுக்கு அட்டகாசமாக வெள்ளையாக வரும். அதைச் சுவரில் ஒட்டி, "நல்ல கண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். பெருமைக்குக் கேட்கவா வேண்டும்!

புது எந்திரம் வந்தது. அதில் பட்டனே கிடையாது. ஓரத்தில் வெளிச்சம் படும்போது கண்பாப்பா சுருங்குகிறதா என்று கேமராவே பார்த்துக்கொள்ளும். பொருத்த வந்த மெக்கானிக் முதலில் அவளைத்தான் உட்காரவைத்தார். வலது கண் சுத்தம். இடது கண்ணின் படத்தில் நடுவே பொட்டளவு வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு.

"என்ன தம்பி, உங்க மிஷின் பெட்டியிலேயே செத்துப் போச்சா?" என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. தன் கண்களை வைத்துப் பார்த்தார். இரண்டும் சுத்தம். மறுபடி அவளை வைத்தார். மறுபடி கறுப்பு.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெப்படி? போன மாசம் பழைய மிஷின்ல நல்லா இருந்துச்சே!"

"அதுல கை அமுக்குது. இதுல கண்ணே பதில் சொல்லணும்." மெக்கானிக் தயங்கினார். "பழசுல ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் 'டிக்'னு சத்தம் வரும். அதக் கேட்டு அமுக்குறீங்களோ என்னவோ, அக்கா."

"நானா? திருட்டுத்தனமா அமுக்குறவங்களைப் பிடிக்கிறதே நான்தான்!"

குரல் உயர்ந்ததே தவிர, பார்வை பழைய எந்திரத்தின் பக்கம் போனது. எந்தச் சத்தத்துக்கு வெளிச்சம் உண்டு, எது சும்மா ஏமாற்றும் சத்தம் என்று தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டைவிரல் அதைப் பழகிவிட்டதா? ஒரு கண் போனால் மற்றது அதை மூடி மறைக்கும் என்று நோயாளிகளை மிரட்டியவளே அவள்தான். என்ன கொடுமை இது!

விடுவிடுவென்று போய்ப் பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்தாள். வலது கண்ணை மறைத்துக்கொண்டு பழைய எந்திரத்தில் முகம் வைத்தாள்.

"ஆரம்பிங்க."

நடுவிலிருந்த மஞ்சள் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. வெளிச்சம் வந்ததும் பட்பட்டென்று அமுக்கி இந்த ஆளின் வாயை அடைக்க வேண்டும் என்று விரலைத் தயாராக வைத்திருந்தாள். காத்திருந்தாள். கழுத்து வலித்தது. இன்னும் காத்திருந்தாள். கடைசியில் எரிச்சலோடு ஒரு காதுப் பஞ்சைப் பிடுங்கினாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?"

மெக்கானிக் திரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"பாதிக்கு மேல முடிஞ்சிருச்சுக்கா."

முகத்தை எடுத்தால் அழுதுவிடுவோம் என்று அப்படியே வைத்திருந்தாள். பிடுங்கிய பஞ்சைத் தடவித் தேடி மறுபடி காதில் அடைத்தாள்.

"மிச்சத்தையும் எடுங்க" என்றாள்.