நாலு மாடி உயரத்தில் ஒரு போர்வை

நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் நான் எழுத்தர். அங்கே அடிக்கடி மனுவோடு வரும் ஓர் அம்மாவை நாங்கள் எல்லோரும் "ஆட்சேப அக்கா" என்றுதான் சொல்வோம். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். யாராவது கட்டினாலும் ஆட்சேபம், இடித்தாலும் ஆட்சேபம். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே எங்கள் பொறியாளர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். நான்தான் மாட்டிக்கொள்வேன். எனக்கு அவரைப் பிடிக்கும் என்பதால் அதில் பெரிய வருத்தமில்லை.

அவர் தெருவில் ஒரு மனைக்கு ஒரு வீடுதான் என்பது விதி. அதைத் தளர்த்தி நாலு மாடி வரை விடலாம் என்று நகராட்சி நினைத்தது. ஊர் வளர்கிறது, கையில் காசில்லை. அவ்வளவு நீளத் தெருவுக்குச் சாக்கடைக் குழாய் போட்டுவிட்டுப் பத்து வீட்டு வரியை நம்பினால் விளங்கினாற்போலத்தான். அதே குழாயில் ஐம்பது குடும்பம் இருந்தால் போட்ட செலவு திரும்பி வரும்.

அக்கா விடுவாரா? பழைய டிவி ஆன்டெனா குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தன் மொட்டைமாடியில் நட்டார். சரியாக நாலு மாடி உயரத்தில் ஒரு சிவப்புப் போர்வையைக் கட்டினார்.

"எதிர் மனையில அவ்வளவு ஒசரம் வரும். நல்லா அண்ணாந்து பாருங்க" என்றார். தெருவே அண்ணாந்து பார்த்துப் பயந்துபோய், நாலு மாடி வேண்டாம் என்று அவர் எழுதிய மனுவில் கையெழுத்துப் போட்டது.

விசாரணைத் தேதியைச் சொல்ல நான் போனபோது அவர் மகள் கைக்குழந்தையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. குடியிருக்கத்தான் வீடு கிடைக்கவில்லை. ஊரில் இருப்பதெல்லாம் பெரிய வீடுகள், வாடகை கட்டி மாளாது. அம்மாவோடு தங்கலாம் என்றால், மாமியாரும் மருமகனும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் மூன்றாம் நாளே அடுத்த ஆட்சேபம் வந்துவிடும்.

"வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு அவர் ஊருக்கே திரும்பிடறேம்மா" என்றாள் மகள். பிறகு மேலே பார்த்தாள். "அந்தப் போர்வை தொங்குற எடத்துல ஒரு சின்ன வீடு இருந்தாப் போதும். நான் ஏன் போகப்போறேன்?"

அக்காவும் அந்தப் போர்வையை அண்ணாந்து பார்த்தார். என்னிடம் டீ வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

விசாரணையன்று அவர் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தார்.

"எனக்கு ஆட்சேபம் இருக்கு. நான் குடுத்த ஆட்சேபத்து மேலதான். நாலு மாடி கட்டட்டும். ஆனா அதுக்கு வாங்குற கட்டணத்துல எங்க தெருச் சாக்கடையப் போடணும். ஆபீஸுக்கு ஏசி வாங்கிடக் கூடாது."

பொறியாளர் தலை குனிந்துகொண்டார். கையெழுத்துப் போட்டவர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வருஷம் அக்காவின் முகத்திலேயே விழிக்கவில்லை. அக்கா அதையும் தாங்கிக்கொண்டார். வலிக்காமலா இருந்திருக்கும்?

சாக்கடை வந்தது, கட்டடமும் வந்தது. நாலாவது மாடியில் மகள் குடியேறினாள்.

போன வாரம் அந்தத் தெரு வழியே போனேன். அக்கா முற்றத்தில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். எதிர்க்கட்டடத்தின் நிழல் கொடிக்கயிறு முழுக்க விழுந்திருந்தது.

"வெயிலே வர்றதில்ல தம்பி. ஒரு துணி காய மாட்டேங்குது."

"அப்ப ஒரு மனு எழுதிடலாமா அக்கா?"

மேலே நாலாவது மாடியில், அதே சிவப்புப் போர்வை காய்ந்துகொண்டிருந்த கம்பிக்குப் பின்னால் நின்று, பேரன் எங்களைப் பார்த்துக் கையாட்டினான்.

"மெதுவாப் பேசுங்க தம்பி" என்றார் அக்கா. "அவன் காதுல விழுந்துடப் போகுது."