பச்சை மையில் இரண்டாவது கடிதம்

மகன் முதுகலைக்கு விண்ணப்பித்த ஆண்டு.

ஜூன், இரண்டாம் திங்கட்கிழமை: பல்கலைக்கழக வேதியியல் துறையின் தேர்வுப் பட்டியல் வெளியானது. மகனின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் ஏழாவதாக இருந்தது.

அதே வாரம், புதன்கிழமை: தேர்வு பெற்ற ஒருவர் விலகினார். ஓர் இடம் காலியானது.

வியாழக்கிழமை: வேங்கிக்காலில் ஓர் அரசியல்வாதியின் வீட்டுக்குச் சென்றேன். அங்கே இரண்டு கடிதங்கள் எழுதப்பட்டன. இரண்டாவதை மறுநாள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை: திருத்திய பட்டியல் ஒட்டப்பட்டது. காலியான இடம் என் மகனுக்குக் கிடைத்தது. காத்திருப்போரில் முதலாவதாக இருந்த பெயர் முதலாவதாகவே இருந்தது.

இந்த ஆண்டு.

ஜனவரி, இரண்டாம் சனிக்கிழமை: மகன் இறந்தான். காய்ச்சல் கண்ட ஆறாம் நாள். வயது முப்பத்து மூன்று.

மார்ச், கடைசி வெள்ளிக்கிழமை: அவன் ஆசிரியராக இருந்த அரசுப் பள்ளியில் படத்திறப்பு நடந்தது. நான் பேசினேன்.

கல்லூரியில் வரலாறு கற்பித்தவன் நான். ஆவணத்தை முதலில் வைத்துவிட்டு அதன் பிறகு வாயைத் திறப்பது பழக்கமாகிவிட்டது. மேலே உள்ள வரிகளில் ஒன்றையும் யாராலும் மறுக்க முடியாது. அவற்றுக்கு இடையில் நான் இருந்த விதத்தைத்தான் இனி எழுத வேண்டும்.

என் கல்லூரியின் சேர்க்கைக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் சிபாரிசுக் கடிதங்கள் கட்டுக்கட்டாக வரும். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ‘விதிகளுக்கு உட்பட்டுப் பரிசீலிக்கவும்.’ எழுதியவர் உண்மையிலேயே அந்த மாணவரைச் சேர்க்கச் சொல்கிறாரா, வாசலில் நின்ற ஒருவரை அனுப்பிவைப்பதற்காக எழுதினாரா என்பதை வாசகத்தைக் கொண்டு அறிய முடியாது. அலுவலகக் கண்காணிப்பாளர்தான் எனக்கு அதைப் படிக்கக் கற்றுத் தந்தார். ஒருவர் கையெழுத்துக்குக் கீழே புள்ளி வைத்தால் செய்ய வேண்டும். இன்னொருவர் தேதியைக் கையால் எழுதினால் செய்ய வேண்டும். நான் சொல்லும் அரசியல்வாதிக்கு அடையாளம் மை. நீல மையில் கையெழுத்திட்டால் கோப்பில் போட்டுவிடலாம். பச்சை மையென்றால் பின்னாலேயே தொலைபேசி வரும்.

பச்சைக் கடிதங்களுக்கு எதிராக இரண்டு முறை என் மறுப்பை எழுத்தில் பதிந்திருக்கிறேன். அதனால் எனக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. மற்ற ஆண்டுகளில் அந்தக் கடிதங்கள் மேசைக்கு வரும் நேரத்தில் தேநீர் குடிக்க எழுந்து போயிருக்கிறேன். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

அந்த வியாழன் பௌர்ணமிக்கு முந்தைய நாள். கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்துகளை ஊருக்கு வெளியே திருப்பிவிட்டிருந்தார்கள். வேங்கிக்காலுக்கு நடந்தே போனேன். போர்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அரசியல்வாதியின் உதவியாளர் என் பழைய மாணவர். என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

“சார், நீங்களா! ஒரு போன் போட்டிருந்தா நானே வீட்டுக்கு வந்திருப்பேனே.”

வரிசையில் காத்திருக்க விடாமல் உள்ளே அரசியல்வாதியிடம் அழைத்துப் போனார். விவரம் சொன்னேன். பெரியவர் ஒரு சொல்லும் கேட்காமல் கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லிக் கையெழுத்திட்டார். கும்பிட்டு வெளியே வந்தேன். செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் நின்று உறையைப் பிரித்தேன். நீலம்.

என் செருப்பைக் காலில் மாட்டிவிட்டிருந்தேன். வாயிற்கதவு திறந்திருந்தது. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தால் மகனுக்காக முயன்ற தந்தையாகவும் இருந்திருப்பேன், யாருடைய இடத்தையும் பறிக்காதவனாகவும் இருந்திருப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு மீண்டும் உள்ளே போனேன்.

“இது நீலத்தில் இருக்கிறது,” என்றேன்.

உதவியாளர் ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “அண்ணே, சாருக்குக் கலரு தெரியுதுண்ணே!”

பெரியவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையில் இருந்த இன்னொரு பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

“ஏன் வாத்தியாரே, முன்னாடியே சொல்லக் கூடாதா? நீங்க இதெல்லாம் வேணாம்னு எழுதறவராச்சே. உங்க கௌரவத்துக்குக் கம்மி ஆவக் கூடாதுன்னுதான் நீலத்துல போட்டேன்.”

அவர் எனக்கு ஒரு மரியாதை செய்திருந்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டாவது கடிதத்தை வாங்கினேன். முதல் கடிதத்தை அவர் திரும்பக் கேட்கவில்லை. அது இன்றும் என்னிடம் இருக்கிறது.

மகனிடம் நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “உனக்கு முன்னால் இருந்த ஆறு பேரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்களாம்.” அவன் நம்பினான். பட்டியலில் தன் பெயரை மட்டும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நாங்கள் கைகுலுக்கும் பழக்கம் உடையவர்கள் அல்ல.

சேர்க்கை நாளன்று அவனோடு போயிருந்தேன். அவன் சான்றிதழ்களைக் காட்ட உள்ளே போனதும் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் என்றார்கள். அம்மா ஒரு துணிப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

“மல்லாட்டை எடுத்துக்குங்க சார். நம்ம கொல்லையில புடுங்கனது, காத்தால வேவ வெச்சேன்.”

ஒரு பிடி கடலை எடுத்துக்கொண்டேன்.

“பாப்பா பேரு வெயிட்டிங்ல ஒண்ணாவதா இருக்குதாம். ஒரு சீட்டு காலியாவுதுன்னாங்க, ஓடியாந்தோம். வந்து பாத்தா அது ரொம்பிப் போச்சுன்றாங்க. அஞ்சு மணி வரிக்கும் யாராச்சும் பணம் கட்டலன்னா குடுப்பாங்களாம். குடுப்பாங்கதானே சார்?”

“கொடுப்பார்கள்,” என்றேன்.

“படிச்சவரு சொல்றாரு பாரு. நீ சும்மா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருக்காத,” என்று மகளை இடித்தார்.

அப்போது என் மகன் ரசீதோடு வெளியே வந்தான். மகிழ்ச்சியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் நம்பிக்கை சொல்ல விரும்புவார்கள். அவனும் அப்படித்தான்.

“நீங்களும் வெயிட்டிங்கா? கவலைப்படாதீங்க. நான் ஏழாவதா இருந்தேங்க. எனக்கு முன்னாடி இருந்த ஆறு பேரும் வேற இடம் போய்ட்டாங்க. எனக்கே வந்துடுச்சு, உங்களுக்கு வராதா?”

“நல்லா இரு தம்பி,” என்றார் அந்த அம்மா.

ஆறு பேரில் முதலாமவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் என் மகனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் கையில் உரிக்காத கடலைகள் இருந்தன. பிறகு குனிந்து தன் கோப்பின் நாடாவைக் கட்டத் தொடங்கினாள். கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினாள். நாங்கள் மூன்று மணிப் பேருந்துக்குக் கிளம்பிவிட்டோம். ஐந்து மணிக்கு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

மகன் நன்றாகப் படித்தான். போட்டித் தேர்வு எழுதி யாருடைய உதவியும் இல்லாமல் ஆசிரியரானான். இதைச் சொல்லும்போது அந்தப் பல்கலைக்கழக இடம் நியாயமாகிவிட்டதாக எனக்கே நான் பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் படித்திருந்தாலும் நன்றாகத்தான் படித்திருப்பாள் என்பது அடுத்த கணமே நினைவுக்கு வரும்.

பிப்ரவரியில் ஒரு காலை, பள்ளியின் தலைமையாசிரியர் அழைப்பிதழின் மாதிரியோடு வீட்டுக்கு வந்தார். கூடவே மகனிடம் படித்த ஒரு மாணவி. இப்போது ஏதோ ஒரு கல்லூரியில் முதலாண்டு. மகனின் தலைக்கவசம் இன்னும் கூடத்து ஆணியில்தான் தொங்குகிறது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். படத்தின் கீழே பொறிக்கப் போகும் வாசகத்தைத் தலைமையாசிரியர் காட்டினார்: ‘சிபாரிசு தேடாதவர்.’

“இது எதற்கு?” என்றேன்.

“பசங்களோட ஐடியா சார். நீங்களே மேடையில அந்தக் கதையச் சொன்னா நல்லா இருக்கும்.”

“எந்தக் கதை?”

மாணவிதான் சொன்னாள். “சார் வருஷா வருஷம் பிளஸ் டூ முடிக்கிறவங்ககிட்ட சொல்வாருங்க ஐயா. ‘எங்கப்பா சேர்க்கைக் கமிட்டியிலயே இருந்தவரு. எனக்காக ஒரு வார்த்த கூடக் கேக்கல. ஏழாவதா இருந்தேன், காத்திருந்தேன், வந்துச்சு. நீங்களும் யார் வாசல்லயும் போய் நிக்காதீங்க’ன்னு.” தலைக்கவசத்திலிருந்து பார்வையைத் திருப்பினாள். “எங்க வீட்ல ஒருத்தரப் பாக்கலாம்னாங்க. நான்தான் வேணவே வேணாம்னு சண்ட போட்டு மூணு வாரம் காத்துக்கினு இருந்தேன். லிஸ்ட்ல ரெண்டாவது.”

“கிடைத்ததா?”

“இல்லீங்க. பரவால்ல.”

என் பொய்யை என் மகன் என் மீது வைத்த பெருமிதத்தால் அலங்கரித்து ஒவ்வோர் ஆண்டும் ஒரு வகுப்புக்கு வழங்கியிருக்கிறான். அதை நம்பிக் காத்திருந்த ஒருத்தி என் கூடத்தில் நின்று பரவாயில்லை என்கிறாள். உண்மையைச் சொன்னால், பதில் சொல்ல இல்லாத ஒருவனின் இடத்தை அவனுடைய மாணவர்கள் முன்பே நான் பறிப்பேன். சொல்லாவிட்டால் அந்த வாசகம் சுவரில் ஏறும். பல வாரங்கள் இரண்டுக்கும் நடுவே இருந்தேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அலுவலகம் கிளம்பிக்கொண்டிருந்தவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அழவில்லை.

“சொல்லிடுங்க மாமா,” என்றாள். “ஆனா அவருக்குத் தெரியாதுன்றதையும் சேத்துச் சொல்லுங்க. அத விட்டுடாதீங்க.”

விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மேடையில், மேலே எழுதிய வரிசையிலேயே சொன்னேன். நீலம், பச்சை, தாழ்வாரத்து பெஞ்சு, அந்தப் பெண். என் மகனுக்கு எதுவும் தெரியாது என்பதை இரண்டு முறை சொன்னேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நியாயம்தான் என்று நினைத்தபடி உட்கார்ந்தேன்.

அடுத்துப் பேச அழைக்கப்பட்டவர் அந்தப் பழைய உதவியாளர். இப்போது அவரே கட்சியில் ஒரு பொறுப்பில் இருக்கிறார். சால்வையைச் சரிசெய்துகொண்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“பெரிய மனுஷன்னா இவருதாங்க! இத்தன வருஷம் ஆயும் அண்ணன் போட்ட ஒரு கையெழுத்த மறக்கல பாருங்க. மகன் போன துக்கத்துலயும் மேடை ஏறி நன்றி சொல்றாரு. இந்தக் காலத்துல யாருங்க இப்படி? அன்னிக்கு அந்தப் பச்சைப் பேனாவ எடுத்துக் குடுத்தவன் நான்தான்!”

அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. ஆனால் கைதட்டல் எழுந்தது. முதலில் முன்வரிசை, பிறகு எல்லோரும். தலைமையாசிரியரும் தட்டினார். அவருக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. என் வாக்குமூலம் ஒரு நன்றியுரையாகப் பதிவாகிவிட்டது. எழுந்து திருத்தியிருக்க வேண்டும். என் பெயருக்கு ஒரு சால்வை வந்துகொண்டிருந்தது. தலை குனிந்துவிட்டேன்.

படத்தைத் திறந்தார்கள். வாசகம் இருந்தது. அழைப்பிதழ் அச்சானபோதே அதுவும் பொறிக்கப்பட்டுவிட்டிருந்தது.

கூட்டம் கலைந்ததும் அந்த மாணவி வந்தாள். அவள் கை தட்டியிருக்கவில்லை. மேடையிலிருந்து கவனித்திருந்தேன்.

“அந்த ஒண்ணாவதா இருந்த அக்கா என்ன ஆனாங்க ஐயா?”

அன்று யாரும் கேட்காத கேள்வி. நானும் இத்தனை ஆண்டுகளில் கேட்டுக்கொள்ளாதது.

“தெரியாதம்மா,” என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டு மருமகளோடு பேசப் போய்விட்டாள்.

அதன் பிறகு மூன்று பேர் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். மூவரும் பெற்றோர், மூவரும் தயக்கமும் பணிவும் உடையவர்கள். கடைசியாக வந்தவர் நிலத்தை விட்டுவிட்டு ஆசிரமப் பக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். “சார் சொன்னா அண்ணன் கேப்பாருன்னாங்க. பச்சையில வாங்கிக் குடுத்துட்டீங்கன்னா போதும் சார். நீலம் வேணாம்.” முடியாது என்று சொன்னேன். உங்கள் மகனுக்கு முடிந்தது என் பிள்ளைக்கு முடியாதா என்று அவர் கேட்கவில்லை.

செய்யாமல் இருப்பவை:

பள்ளிக்குக் கடிதம் எழுதி, படத்தின் கீழ் உள்ள வாசகத்தை அகற்றச் சொல்ல வேண்டும். அவன் பெயரும், கற்பித்த பாடமும், ஆண்டுகளும் போதும்.

நீல மையில் உள்ள முதல் கடிதத்தை மருமகளிடம் கொடுக்க வேண்டும்.

தலைக்கவசத்தை ஆணியிலிருந்து எடுக்க வேண்டும். அவசரம் இல்லை.

பழைய பட்டியலின் நகலில் அந்தப் பெண்ணின் தகப்பனார் பெயரும் கிராமமும் இருக்கின்றன. இரண்டு முறை கீழ்பென்னாத்தூர்ப் பேருந்து நிலையம் வரை போய், அடுத்த வண்டியிலேயே திரும்பியிருக்கிறேன். அங்கிருந்து அந்தக் கிராமத்துக்கு வேன் போகிறது.

மாணவிக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் மேலே உள்ளது முடிய வேண்டும்.