வாசப்படியில் கேட்ட ஒரு வார்த்தை

மனநல ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பும் வேலையில் பல வருஷம் இருந்தேன். படிப்பு பத்தாவதுதான். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று, நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன்.

சேலத்திலிருந்து ஒரு மேடம் டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்தார். வெண்ணந்தூர்ப் பக்கம் தறி நெய்கிறவர்களில் சரியாகத் தூக்கம் வராதவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குரூப்பாகப் பிரித்தார். ஒரு குரூப்புக்கு ஆறு வாரம் மூச்சுப் பயிற்சி கிளாஸ். மற்ற குரூப்புக்கு ஆராய்ச்சி முடிந்த பிறகு. கிளாஸுக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை, எல்லாரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு ஸ்கோர் போடுவது என் வேலை.

இரண்டாம் ரவுண்டில் கிளாஸுக்கு வந்தவர்கள் எல்லாரும் நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் பழையபடியே. மேடம் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நானும் முருகனுக்குத் தேங்காய் உடைத்தேன்.

இன்னும் பாக்கி இருந்த கடைசி வீடு பாவாயி அம்மா வீடு. அறுபது தாண்டியும் தறியில் உட்காருகிறவர், கிளாஸுக்கு ஒரு நாள் தவறாமல் வந்தவர். எல்லாக் கேள்விக்கும் நல்ல பதிலாகச் சொன்னார். ஷீட்டைப் பையில் வைத்து எழுந்தபோது மெதுவாகக் கேட்டார்.

"ஏங் கண்ணு, தூங்கறதுக்கு மாத்திரை ஏதாச்சும் உங்க மேடத்துகிட்ட வாங்கித் தாரயா?"

"நல்லாத் தூங்கறேன்னு இப்பத்தானுங்க சொன்னீங்க?"

"பொறவு என்ன சொல்றது? வாசப்படி ஏறும்போதே 'இப்பத் தேவலைங்களா'ன்னு சிரிச்சுக்கிட்டுக் கேட்டுப்போட்டே. இல்லைன்னா உன்ர மூஞ்சி வாடிப்போயிராதா சாமி?"

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். உடம்பு முடியாதவர் வீட்டுக்குப் போனால் நம் பக்கம் அப்படிக் கேட்காமல் உட்கார மாட்டோம். கேட்டால், நோவு எப்படி இருந்தாலும், 'தேவலைங்க' என்றுதான் பதில் வரும். கிளாஸுக்கு வந்தவர்கள் வீட்டில் எல்லாம் கேட்டிருக்கிறேன். மற்றவர்களுக்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லையே என்ற கூச்சத்தில், அங்கே கேட்கவில்லை. அப்படியானால் ஸ்கோரைக் கூட்டியது கிளாஸா, என் வார்த்தையா?

மேடத்தின் இரண்டு வருஷ உழைப்பு அது. மூன்று நாள் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் காலையில் விபூதி எடுத்து நெற்றியில் வைக்கக் கை வரவில்லை. அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டேன்.

 கிளாஸுக்கு வராதவர்கள் யாரிடமாவது அப்படிக் கேட்டேனா என்றார் மேடம். ஒருத்தரிடமும் இல்லை என்றேன். ஷீட்டுகளை எல்லாம் கட்டி அலமாரிக்கு மேல் வைத்தார்.

"யார் எந்த குரூப்னு உங்ககிட்ட சொன்னது என் தப்பு, அக்கா. அது தெரியாம இருந்தா எல்லாரையும் ஒரே மாதிரி கேட்டிருப்பீங்க."

வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்துப் போனவள் நான். அதே மேடம் பனமரத்துப்பட்டிப் பக்கம் புது ஆட்களோடு முதலிலிருந்து ஆரம்பித்து, என்னையே அனுப்பினார். இந்தத் தடவை யார் எந்த குரூப் என்று எனக்குத் தெரியாது. வாசலில் சொல்ல வேண்டியதைக்கூட ஷீட்டிலேயே அச்சடித்திருந்தார். பலன் கொஞ்சம்தான் வந்தது. கொஞ்சம் என்றே எழுதினார். முதல் தடவை நடந்ததையும் மறைக்காமல் எழுதினார். பட்டம் ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போனது. அவரைவிடப் பெரிய படிப்பாளிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மனசைப் பார்த்ததில்லை.

பாவாயி அம்மாவை மேடமே ராசிபுரத்தில் டாக்டரிடம் காட்டினார். பிறகு ஒரு நாள் அந்த வழியாகப் போனபோது, கையில் ஷீட்டும் பேனாவும் இல்லாமல், வாசப்படியில் நின்று கேட்டேன்.

"இப்பத் தேவலைங்களா?"

என் கையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"எழுத மாட்டீல்ல? அப்பச் சொல்றேன், உட்காரு. பாதி தேவலை."