மூன்று பென்ரோர்ச் பற்றரியும் ஒரு ஒளிவாளும்

யுத்த காலத்தில் ஆமியின் செக்பொயின்றில், சோதனைச் சாவடியில், எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. பற்றரியில் ஓடும் சாமான் எதுவானாலும் போட்டுக் காட்ட வேண்டும். ரேடியோ பாட வேண்டும், ரோர்ச் எரிய வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒருவர், பாடாத ரேடியோவைத் திருத்தக் கொண்டுவந்து பின்னேரம் வரை வெயிலில் இருத்தப்பட்டார். எனக்கோ திருத்த வேலை. கைக்கு வருவதெல்லாம் பாடாததும் எரியாததும்தான்.

உப்புவெளியில் வீடு, திருகோணமலை டவுனில் சின்னக் கடை. எட்டாம் வகுப்போடு நின்றவன். யுத்தத்தின் கடைசி வருடங்களில் கிண்ணியாவில் இருந்து சபீனா ரீச்சர் கடைக்கு வந்தார். பள்ளிக்கூட நாடகத்தில் ராசாவின் வாள் நிறம் மாறி மாறி எரிய வேண்டுமாம். செய்யலாம் என்றேன். அதற்குப் பிறகுதான் அடுத்ததைச் சொன்னார்.

"எனக்கு இதக் கொண்டுபோக ஏலாது அண்ணன். செக்பொயின்றில கேட்டா விளக்கம் சொல்லத் தெரியா. நீங்களே கொண்டுவந்து தாங்க."

மறுக்கத் தெரியாமல் ஓம் என்றேன்.

வயரிங்

நிறம் மாறும் எல்.ஈ.டி.க்கு இரண்டு கால்தான். நிறத்தை மாற்றும் சிப் உள்ளேயே இருக்கிறது. சாதாரண எல்.ஈ.டி. போல நினைத்து முதலில் சீரீஸில், ஒன்றன் பின் ஒன்றாகக் கொடுத்தேன். ஒன்றின் சிப் மற்றதைக் குழப்பி எல்லாம் துடித்தன. கழற்றி, பன்னிரண்டையும் பரலலில், பக்கம் பக்கமாகக் கொடுத்து, கரண்டைக் கட்டுப்படுத்த ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் வைத்தேன். வாளின் அலகுக்கு மங்கல் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். பிள்ளையின் கைக்கு அடங்க வேண்டும் என்று கைபிடிக்கு மெல்லிய இரும்புக் குழாய், அதற்குள் சின்ன ரேடியோவுக்கும் போடுகிற விரல் அளவுப் பென்ரோர்ச் பற்றரி மூன்று.

எரிந்தது. ஆனால் வழியில் எரியுமா? பின்னேரம் அரை மணித்தியாலம் எரியவிட்டுப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு முன் ஒருக்கால், பின் ஒருக்கால்.

"வாளைப் பாத்தது காணும், சோத்தைப் பாருங்கோ" என்றார் மனைவி.

காலையில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். சீனன்குடா தாண்டியதும் பைக்குள் வைத்தபடியே பார்த்தேன். மேலதிகப் பற்றரி கொண்டுபோகவில்லை. அதற்கும் கேள்வி வரும் என்ற பயம்.

பாதைக்கு முன்னால்

கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை. 'பாதை' என்கிற மிதவையில்தான் கடக்க வேண்டும். அதற்கு முன்னால் எல்லோரும் பஸ்ஸால் இறங்கி வரிசையில் நின்றோம். என் முறை வந்தது. சுவிச்சைப் போட்டேன்.

சிவப்பு வந்தது. பிறகு இருட்டு. திரும்பவும் சிவப்பு. திரும்பவும் இருட்டு.

எனக்கு உடனே விளங்கியது. சிவப்புக்கு இரண்டு வோல்ட் போதும். நீலத்துக்கும் பச்சைக்கும் மூன்றுக்கு மேல் வேண்டும். பார்த்துப் பார்த்தே பற்றரியைக் குடித்துவிட்டேன். ஆனால் எதிரே நின்றவர்களுக்குத் தெரிந்தது, வயர் ஓடிய ஒரு குழாய், அதற்குள் விட்டு விட்டு மின்னும் சிவப்பு. வரிசை பின்னால் போனது. துவக்குகள் நிமிர்ந்தன.

தெரிந்த சிங்களத்தில் விளையாட்டுச் சாமான் என்றேன். அவர்களில் பெரியவர் தூரத்தில் நின்றபடி, தனியாக மணல் மூட்டைக்குப் பக்கத்தில் போய் நானே கழற்ற வேண்டும் என்றார். மூடியைத் திருகித் திறந்தேன். மூன்று பற்றரியையும் மூட்டையின் மேல் வைத்தேன். அது போதாது. எரியாத குழாயோடு என்னை விடமாட்டார்கள் என்று தெரியும்.

சென்றிக்குள், அவர்களின் காவலரணுக்குள், ஒரு ரேடியோ கிரிக்கெட் சொல்லிக்கொண்டிருந்தது.

"சேர், மூண்டு பற்றரி தந்தா எரிச்சுக் காட்டலாம்" என்றேன். எங்கிருந்து அந்தத் துணிவு வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

அவர் சென்றிப் பக்கம் திரும்பினார். ஆளை அனுப்பினார். ரேடியோவில் இரண்டு, யாரோ ஒருவரின் ரோர்ச்சில் ஒன்று. கிரிக்கெட் நின்றது. வாள் நீலமாகி, பச்சையாகி, சிவந்தது. பன்னிரண்டும் ஒன்றாக மாறாமல் ஒன்றையொன்று துரத்தின. ஒரு சிப்பாய் சிரித்தான்.

"முதல்ல ஏன் இப்படி வரல்ல?" என்று பெரியவர் தமிழில் கேட்டார்.

பயத்தில் பார்த்துப் பார்த்து முடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? மூடியைக் கழற்றி அவர்களின் பற்றரிகளை நீட்டினேன். அவற்றை வாங்கிக்கொண்டு என்னைப் போகச் சொன்னார். நான் நடக்கும்போது பின்னால் கிரிக்கெட் திரும்பத் தொடங்கியது. பஸ் போய்விட்டது. பாதையில் ஏறிக் கடந்தேன், அக்கரையில் ரீச்சர் நின்றார். எரியாத வாளைக் கொடுத்து, புதுப் பற்றரி போடச் சொல்லிவிட்டு, நாடகம் பார்க்காமலே திரும்பினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பூட்டி முடித்ததும் இரண்டு தரம் போட்டுப் பாருங்கள். ஒன்று வேலைக்கு, மற்றது மன ஆறுதலுக்கு. மூன்றாம் தரம் பார்க்கிறது பற்றரியைத் தின்னும். இதெல்லாம் தெரிந்தும், கடைக் கதவைச் சாத்தினால் நான் நாலு தரம் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். பூட்டுக்குப் பற்றரி இல்லை என்பதுதான் ஆறுதல்.